கைமாறும் விளையாட்டுகள்

அம்பத்தூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் மின்சார ரயிலில் மாணவர்கள் கைப்பேசியில் கிரிக்கெட் ஆடுவதை நான் அடிக்கடி காண்பதுண்டு. சிக்ஸர் அடித்த மகிழ்ச்சியில் இறங்க வேண்டிய நிலையத்தை மறந்தவர்களும் உளர். அவ்விளையாட்டுகளுள் புகழ்பெற்ற 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' நம் சென்னையிலேயே உருவாயிற்று. அதனை ஆக்கியது நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்னும் கம்பெனி. 2017-18 நிதியாண்டில் மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிற்று. இவ்வாறு சிறு கம்பெனியைப் பெரிய கம்பெனி வாங்கும்போது எது கைமாறுகிறது என்பதே நான் இன்று விளக்க எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை ஒன்றை விலைபேச வருவோர் முதலில் இயந்திரங்களைப் பார்வையிடுவர்; பிறகு கட்டடத்தை அளப்பர். வீடியோ கேம் ஆக்கும் கூடத்திலோ கணினிகளையும் நாற்காலிகளையும் தவிர அளப்பதற்கு அதிகமில்லை. அங்கே மதிப்பெல்லாம் எழுதிய நிரலிலும், விளையாட்டின் பெயரிலும், செய்தவர்களின் கைத்திறனிலும் அடங்கியிருக்கிறது. நிரலையும் பெயரையும் பத்திரத்தில் எழுதி வாங்கலாம். கைத்திறனை அவ்வாறு வாங்க இயலாது.

பங்கின் கணக்கையும் சற்றே பார்ப்போம். நூறு பங்கில் 51 வைத்திருப்பவர் சாதாரணத் தீர்மானங்களைத் தம் வாக்காலேயே நிறைவேற்றலாம், இயக்குநர்களையும் அமர்த்தலாம். ஆனால் கம்பெனியின் அமைப்பு விதிகளைத் திருத்துவதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, எதிர்ப்பு வாக்குகளைப்போல் மூன்று மடங்கேனும் ஆதரவு இருந்தாலன்றி அது நிறைவேறாது. ஆகவே 26 பங்கை விற்காது வைத்துக்கொண்ட நிறுவனர் அதனைத் தடுக்க வல்லவர். 'விற்றுவிட்டார்கள்' என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். எத்தனை பங்கு என்று கேட்பதில்லை!

விற்பவரை நான் குறைகூறேன். ஒரு விளையாட்டு வெளிவருமுன் ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுத்தாக வேண்டும்; வெளிவந்த பின்னும் வருவாய் நிச்சயமன்று.

2014-இல் மைக்ரோசாஃப்ட், 'மைன்கிராஃப்ட்' விளையாட்டை ஆக்கிய சுவீடன் நாட்டு மோஜாங் கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கிற்று. நிறுவனர் மூவரும் விலகினர். விளையாட்டோ மேலும் செழித்தது. ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸ் கண்ட நிலை வேறு. அதன் தாய்க் கம்பெனியை 2021-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2023-இல் டாங்கோ வெளியிட்ட 'ஹை-ஃபை ரஷ்' பெரும் பாராட்டைப் பெற்றது. ஆயினும் 2024 மே மாதத்தில் அக்கூடத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் முன்வந்து, 'ஹை-ஃபை ரஷ்' உரிமையோடு அக்குழுவினரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. 'தி ஈவில் வித்தின்' முதலிய பழைய விளையாட்டுகளின் உரிமை அவர்களுடன் செல்லவில்லை. தாம் படைத்த உலகத்தைத் தாமே தொடர இயலாத நிலை!

அண்மையில் எங்கள் தெரு மாணவர் ஒருவர், இத்தகைய கூடமொன்றில் சித்திரக்காரராகச் சேரும்முன் என்னிடம் வந்தார். "ஐயா, நான் வரையும் பாத்திரம் என்னுடையதுதானே?" என்று கேட்டார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், வேலையின் பொருட்டு வரைந்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளியே என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து வேலை ஒப்பந்தத்தை எடுத்தார். இருவரும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினோம்.