சேஃப்டி வால்வைக் கட்டாதீர்கள்!

தேனி மாவட்டத்தின் வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பக்கமிருந்து வேலைக்குப் போகிறவர்களில் ஹோட்டல், கல்யாண மண்டபம், விடுதிச் சமையல்கூடம், அரிசி ஆலை, நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலை என நீராவி புழங்கும் இடங்களில் நிற்பவர்கள் உண்டு. தொட்டியில் தண்ணீர் சூடேறவில்லை என்றதும் அங்கே எழும் குரல், "பிரஷரை ஏத்துப்பா!" குறை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

ஒரு கிலோ பிரஷரில் நீராவியின் சூடு சுமார் 120 டிகிரி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். அடைபட்ட பாய்லர் பிளந்தால் சுவரும் கூரையும் பெயர்வது இதனால்தான். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இருமுறை பாய்லர் விபத்து நடந்து, தொழிலாளர்கள் இறந்தார்கள். பொறியாளர்கள் சூழ்ந்த ஆலைக்கே அந்தக் கதி.

குறை எங்கே?

பாய்லர் நீராவி, தொட்டிக்குள் சுற்றியிருக்கும் காயிலுக்குள் ஓடித் தண்ணீரைச் சூடாக்குகிறது. சூட்டை இழந்து நீராகிவிட்ட ஆவி, நீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப் வழியே வெளியேறுகிறது.

* தண்ணீர் மெதுவாகச் சூடேறினால்: காயிலில் உப்பு படிந்திருக்கலாம்; போர் தண்ணீர் விடும் இடங்களில் இது சீக்கிரம் வரும். டிராப் அடைத்து, காயிலுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கவும் கூடும்.
* டிராப்பிலிருந்து ஓயாமல் ஆவி சீறினால்: டிராப் மூடாமல் நிற்கிறது. விறகும் டீசலும் வீணாகின்றன.
* குழாய் 'டம் டம்' என்று அடித்தால்: லைனில் தேங்கிய தண்ணீரை ஆவி உந்தி மோதுகிறது. வால்வைச் சட்டென்று திறக்காதீர்கள். தேங்கிய நீரை வடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.
* பிரஷர் மிஞ்சினால் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வு ஒழுகினால்: பிரஷர் ஏறியிருக்கலாம், வால்வு தேய்ந்திருக்கலாம். கம்பியால் கட்டுவதோ கட்டை வைத்து அடைப்பதோ கூடவே கூடாது.
* பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியாவிட்டால்: பச்சைத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். காய்ந்து பழுத்த இரும்பில் அது பட்டால் பாய்லரே பிளக்கலாம். தீயை நிறுத்துங்கள், ஆட்களை விலக்குங்கள், தானாக ஆறட்டும்.

எந்த இணைப்பையும் பிரஷர் முழுக்க இறங்கிய பிறகே கழற்ற வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1923-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய பாய்லர் சட்டம் வந்துள்ளது. பாய்லரைப் பதிவு செய்து, ஆய்வுச் சான்று பெற்ற பிறகே இயக்கலாம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது கொதிகலன்கள் இயக்ககம். பதிவு எண் பாய்லரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதையும் சான்றின் கடைசித் தேதியையும் கேட்டுப் பாருங்கள்.

25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவோ, ஒரு கிலோவுக்குக் குறைந்த பிரஷரோ உள்ளவை இச்சட்டத்துக்குள் வராது. இட்லிக் கடைகளின் சிறிய ஸ்டீம் பாய்லர்கள் பல இந்த வகை. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக ஆவி சுடாமல் விடாது. அவற்றிலும் வால்வும் கேஜும் சரியாக இருக்க வேண்டும்.

ஆவி பட்டுவிட்டால்

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, பற்பசை, ஐஸ் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். தேனி அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

எங்கே முறையிடலாம்?

வேலையின்போது காயம்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும், ஈ.எஸ்.ஐ. பதிவிருந்தால் சிகிச்சையும் உதவித்தொகையும் அதன் வழியே கிடைக்கும். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆபத்தான பாய்லர் பற்றி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், முதல்வரின் உதவி எண் 1100-க்கும் சொல்லலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

பிழைப்புக்காகச் சொந்தமாகக் கடை நடத்துபவர் வாங்கிய கருவி பழுதானால், அவரும் சட்டப்படி நுகர்வோரே. பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

சேஃப்டி வால்வு வேலை செய்யாதபடி கைவைப்பது, இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். "முதலாளி சொன்னார்" என்பது கட்டியவரைக் காப்பாற்றாது. கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மறுத்ததைச் சக தொழிலாளியிடமும் சொல்லி வையுங்கள்.