மீன்தொட்டிக்கான நீர்வடியிற் கழிவைக் குறைக்கும் முறை

தர்மபுரத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரருள் அலங்கார மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ள எண்ணுவோர், முதலில் நீரைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். கப்பி, மொலி ஆகிய மீன்களுக்கு வன்னீர் நன்கு ஒத்துக்கொள்ளும்; அவற்றுக்காக வடி வாங்குதல் வீண் செலவாகும். டிஸ்கஸ், நியோன் டெட்ரா முதலிய அமேசன் ஆற்று மீன்களை வளர்ப்போருக்கே மென்னீர் அவசியம்.

இதற்கு உதவுவது எதிர்ச் சவ்வூடுபரவல் வடி. இதில் அமுக்கத்தின் வலிமையால் நீர் ஒரு மெல்லிய சவ்வினூடாகச் செல்ல, உப்பு பின்தங்கிக் கழிவுநீருடன் வெளியேறும். சாதாரண வீட்டு வடியில் ஒரு லீற்றர் தூயநீருக்கு மூன்று நான்கு லீற்றர் கழிகிறது. ஆவணி, புரட்டாதியிற் கிணறு அடிதட்டும் இப்பகுதியில் இது சிறு நட்டமன்று.

கழிவு மிகுவதற்குப் பெருங்காரணம் அமுக்கக் குறைவே. இவ்வடிகள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தல் அமுக்கத்துக்கென அமைக்கப்பட்டவை. 20 அடி உயரத் தாங்கியிலிருந்து வரும் நீருக்கோ 9 இறாத்தல் அமுக்கமும் இராது. பத்து இலட்சம் பங்கில் 500 பங்கு உப்புள்ள கிணற்று நீராயின், உப்பின் எதிர்விசையை வெல்வதற்கே 5 இறாத்தல் செலவாகிவிடும்; எஞ்சும் 4 இறாத்தலிற் சொட்டுச் சொட்டாகவே தூயநீர் கிடைக்கும். ஆகவே வடிக்கு முன் சிறிய அமுக்கப் பம்பி ஒன்றைப் பொருத்துக. வேறெச் செலவினும் இதுவே பயன் மிக்கது.

பின்னர் தூயநீரையும் கழிவுநீரையும் ஒரே நிமிடத்தில் வெவ்வேறு பாத்திரங்களில் ஏந்தி அளந்து பாருங்கள். கழிவு நான்கு மடங்கிற்கு மேற்படின், கழிவுக்குழாயிலுள்ள ஒடுக்கி சவ்விற்குப் பொருத்தமானதா எனச் சோதித்தல் வேண்டும். எனினும், கழிவைத் தூயநீரின் அளவுக்கே குறைத்துவிட முயலாதீர்கள். வன்னீரிலுள்ள சுண்ணாம்பு சவ்விற் படிந்து அதனை அடைத்துவிடும். மிச்சம்பிடித்த நீரின் பெறுமதியிலும் புதுச் சவ்வின் விலை அதிகமாகலாம்.

அடிக்கடி சிறிது நேரம் இயக்குவதினும், ஒரேயடியாக நீண்ட நேரம் இயக்குதல் நன்று. தொடக்கத்தில் வரும் நீரில் உப்புக் கூடுதலாயிருக்கும். கிணற்றுக்குக் குளோரீன் இடுவோர் கரிவடியைக் காலந்தவறாது மாற்றுக; குளோரீன் சவ்வை அழிக்கும். முன்வடியிற் சேறு அடைத்தாலும் அமுக்கம் குன்றும். உப்புமானியால் அளக்கையில் 500 பங்கு நீர் 25 பங்களவிற்கு இறங்குதல் வேண்டும். 50 பங்கைத் தாண்டின் சவ்வை மாற்றும் காலம் வந்துவிட்டது.

தூயநீரை மட்டும் தொட்டியில் நிரப்புதல் தவறு. மீனுக்கும் சிறிது உப்புத் தேவை. நான்கு பங்கு தூயநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலந்தால் உப்பு ஏறத்தாழ 120 பங்காகும். இதனால் வடிக்கவேண்டிய நீரும் ஐந்திலொன்று குறைகிறது.

கழிவுநீரை வாய்க்காலில் விடாது தாங்கியிற் சேருங்கள். ஒன்றுக்கு மூன்று வீதம் கழியும்போது, மேற்கூறிய கிணற்றின் கழிவில் உப்பு ஏறத்தாழ 660 பங்காயிருக்கும். தக்காளி ஏறத்தாழ 1,100 பங்கு வரையும், நெல் ஏறத்தாழ 1,300 பங்கு வரையும் விளைச்சல் குன்றாது தாங்கும். மிளகாயின் எல்லை 640 பங்கு. ஆதலின் கிணற்று நீருடன் சரிபாதி கலந்தே அதற்கு இறைத்தல் வேண்டும். வெங்காயமும் போஞ்சியும் உப்பை அறவே பொறா. அவற்றின் பாத்திகளுக்கு இந்நீரை விடற்க. உங்கள் கிணற்றில் உப்புக் கூடுதலாயின் இக்கணக்கும் மாறும். ஆகையால் நீரை அளந்தறிந்த பின்னரே எந்தப் பாத்திக்கு இறைப்பதென முடிவுசெய்க.