கவ்வாத்தும் குருத்துக்கலமும்

கொடகவெலயிலிருந்து இறக்குவானைப் பக்கம் போகையில் கவ்வாத்து வெட்டிய மலையொன்று கண்ணில் பட்டால், புதிதாய் வந்தவர் தோட்டமே செத்துவிட்டதென்று நினைப்பார். தரையெல்லாம் வாது, நிற்பவை மொட்டைத் தூர்கள். இரண்டு மாதம் போனால் அதே கிழட்டுத் தூர் துளிர்த்து நிற்கும். அந்தத் துளிருக்கு வயது தெரியாது. கொழுந்தெடுக்கிறவரின் முழங்காலுக்குத்தான் வருடத்துக்கு வருடம் வயது ஏறுகிறது.

தேயிலையின் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஓர் அரும்பு உறங்குகிறது. இலையென்றோ தண்டென்றோ இன்னும் ஆகிவிடாத குருத்துக்கலங்கள் அதற்குள் இருக்கின்றன. நுனித் துளிரிலிருந்து இறங்கும் ஓட்சின் என்ற ஓமோன் அவற்றை அடக்கி வைத்திருக்கும். கத்தி நுனியை எடுத்ததும் அரும்பு விழிக்கும். வேரில் சேர்ந்திருக்கும் மாப்பொருளே அதற்குச் சாப்பாடு. வெட்டுமுன் வேரில் அயடின் தடவி, நீலம் பிடிக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். நிறம் வெளிறினால் கத்தி காத்திருக்க வேண்டும்.

கலம் பிரியும்போதெல்லாம் டீஎன்ஏ படியெடுக்கப்படும். படியெடுத்தால் பிழையும் வரும். அரும்புக் கலங்களோ மிகச் சில தடவைகளே பிரிந்தவை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 234 வயது ஓக் மரமொன்றின் இரண்டு கிளைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில் 17 எழுத்து மாற்றங்களே அகப்பட்டன.

நம் எலும்பு மச்சையிலும் இப்படி உறங்கும் குருத்துக்கலங்கள் உண்டு, இரத்தம் உண்டாக்க. எலிகளில் ஆழ்ந்து உறங்குபவை வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்து தடவைதான் பிரிகின்றன என்று 2008இல் கணக்கிட்டார்கள். அப்படியிருந்தும் கிழடாகின்றன. வயதாக ஆக இவை தீர்ந்துபோகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எண்ணிக்கை கூடுகிறதாம்! வேலைதான் குறைகிறது.

ஜேர்மனியின் உல்ம் நகரில் ஹார்ட்முட் கைகர், மரியா கரோலினா ஃபுளோரியன் குழுவினர் இதைத் தோண்டினார்கள். இளம் கலத்துக்குள் திசை உண்டு. சில புரதங்கள் ஒரு பக்கமாய் ஒதுங்கியிருக்கும். அது பிரிந்தால் பிள்ளைகள் இரண்டும் ஒன்றுபோல் இரா: ஒன்று தாயைப் போலவே தங்கும், மற்றது இரத்தமாகப் புறப்படும். முதிய கலத்தில் சிடிசி42 என்ற புரதம் அளவு மீறி இயங்கி அந்தத் திசையைக் கலைத்துவிடுகிறது. பிறகு பெரும்பாலும் ஒரே அச்சுப் பிள்ளைகள்தான்.

குழப்பம் கலத்தின் கருவுக்குள்ளும் இறங்குகிறது. கருவின் உட்சுவரில் லாமின் என்ற புரதம் கொழுந்துக்கூடைப் பின்னல்போல ஓடுகிறது. டீஎன்ஏயில் எது சுருண்டிருக்க வேண்டும், எது விரிந்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கில் அதற்குப் பங்குண்டு. எலிகளின் முதிய இரத்தக் குருத்துக்கலங்களில் லாமின் ஏ/சி குறைந்திருப்பதை 2018இல் அக்குழு காட்டியது. பின்னல் கெட்டால் என்னவாகும் என்பதற்குச் சாட்சி, சிறு வயதிலேயே முதுமை தாக்கும் புரோஜீரியா நோய். லாமின் ஏ பரம்பரையலகில் ஒரே எழுத்து மாறியதே அதன் காரணம் என்று 2003இல் பிடிபட்டது. அந்தப் பிள்ளைகளின் கலக்கரு கோணி, கொப்புளித்துக் கிடக்கும். சாதாரண முதியவர்களின் கலங்களிலும் அதே கோணல் இருப்பது 2006இல் தெரிந்தது.

காசின் என்ற வேதிப்பொருளால் சிடிசி42ஐ அடக்கியபோது, முதிய எலியின் கலங்களுக்குத் திசை திரும்பியது. இளங்கலம்போல் வேலையும் செய்தன. மனிதருக்கு அது இன்னும் மருந்தாகவில்லை.

தேயிலைத் தூருக்கும் சாவு உண்டு. வெட்டுவாய் வழியே உக்கல் இறங்கும், கறையான் ஏறும். அதற்குமுன் ஒற்றை இலையும் கக்கத்து அரும்புமாக ஒரு துண்டை நறுக்கி நாற்றுமேடையில் ஊன்றிவிட்டால், அதே செடி வேறொரு மலையில் வளரும். இப்படித்தான் டீ.ஆர்.ஐ. 2025 என்ற தேயிலை இனம் இன்று எத்தனையோ மலைகளில் நிற்கிறது, ஒரே செடியாக.