நாய்களும் சோளப்பொரியும்

சோளப்பொரி (பாப்கார்ன்) என்பது மக்காச்சோளத்தின் ஒரு வகையைச் சூடாக்கிப் பொரிப்பதால் கிடைக்கும் தின்பண்டம் ஆகும். எண்ணெய், உப்பு, வெண்ணெய் எதுவும் சேர்க்காத பொரி நாய்களுக்கு நஞ்சன்று. நலமான நாய் எப்போதாவது சில பொரிகளைத் தின்பதால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஊட்டமும் பெரிதாக இல்லை.

மணியினுள் உள்ள ஈரம் சூடேறி, சுமார் 180 பாகை செல்சியசில் நீராவியின் அழுத்தம் உறையை வெடிக்கச் செய்கிறது. உறையில் கீறல் விழுந்த மணிகளும் ஈரம் குறைந்த மணிகளும் வெடிப்பதில்லை. கடினமான இம்மணிகள் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும்; மிஞ்சியதை நாய்க்குக் கொட்டும்போது இவையே அதிகம் சேரும். இவற்றைக் கடித்தால் பல் உடையலாம், சிறிய நாய்க்குத் தொண்டை அடைக்கலாம். வெடித்த பொரியின் உறைத்துண்டுகளும் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே சிக்கிக்கொள்வதுண்டு.

உண்மையான இடர் சுவையூட்டிகளில் உள்ளது. வெண்ணெய் கணைய அழற்சியைத் தூண்டக்கூடும். இனிப்பூட்டியான சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கச் செய்வதால் இரத்தச் சர்க்கரை விரைவில் வீழ்கிறது, கல்லீரலும் பாதிக்கப்படலாம். வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் செங்குருதியணுக்களைச் சிதைக்கின்றன. உலர்தூள் செறிவு மிக்கதாகையால் பச்சை வெங்காயத்தைவிடச் சிறிய அளவே போதும். ஈறு வெளிறுதல், சோர்வு, சிறுநீர் செந்நிறமாதல் ஆகிய அறிகுறிகள் பல நாட்கள் கழித்தே தோன்றக்கூடும். எனவே விலங்கு மருத்துவரிடம் செல்வோர், தின்ற பொரியைக் குறிப்பிட மறந்துவிடுவதுண்டு.