‘கீமோ வேணாம், வெளிநாடு போகலாம்’: மெக்சிகோ கிளினிக்கில் என்னதான் நடக்கிறது?

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வர ஆரம்பித்துவிடும். “கீமோ வேணாம் மாப்ள, ஆளையே உருக்கிடும். மெக்சிகோவுல ஒரு கிளினிக் இருக்காம், மூணே வாரத்துல கட்டி கரையுதாம்.” சொல்பவர் மோசடிக்காரர் இல்லை, நம் மேல் அக்கறை உள்ள சொந்தக்காரர்தான். ராமநாதபுரம், கீழக்கரை, தங்கச்சிமடம் பக்கம் வளைகுடாவிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத குடும்பம் குறைவு. வெளிநாட்டுப் பயணம் இங்கே மலைப்பான விஷயம் இல்லை. நகையை வைத்தாவது போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

அமெரிக்க எல்லையை ஒட்டிய டிஹுவானா நகரில் இப்படிப்பட்ட கிளினிக்குகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. அவற்றைப் பிரபலமாக்கிய மருந்து ‘லேட்ரில்’. ஆப்ரிகாட் பழக்கொட்டையில் உள்ள அமிக்டலினில் இருந்து உருவானது. ‘வைட்டமின் பி17’ என்று விற்பார்கள். அது வைட்டமினே இல்லை. உடலுக்குள் உடையும்போது சயனைடை வெளியிடும், குறிப்பாக வாய்வழியாகச் சாப்பிட்டால்.

‘தி கிரேட் எஸ்கேப்’ பட நாயகன் ஸ்டீவ் மெக்வீனுக்கு 1979 டிசம்பரில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க மருத்துவர்கள் நம்பிக்கை தரவில்லை. 1980இல் மெக்சிகோ போனார். லேட்ரில், காபி எனிமா, விலங்கு செல் ஊசி எல்லாம் கொடுத்தார்கள். சிகிச்சைக்குப் பொறுப்பானவர் புற்றுநோய் நிபுணரே அல்ல, பல் சீரமைப்பு படித்தவர். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, கட்டிகளை அகற்றும் ஆபரேஷனுக்குப் பிறகு, மெக்சிகோவிலேயே மெக்வீன் இறந்தார். வயது 50. பணத்துக்குக் குறைவில்லாத மனிதர்.

லேட்ரிலை யாரும் சோதிக்காமல் ஒதுக்கவில்லை. மேயோ கிளினிக் உள்ளிட்ட அமெரிக்க மையங்களில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1982இல் வெளியானது. ஒருவருக்குக்கூடக் குணமாகவில்லை. சிலரது ரத்தத்தில் சயனைடு அபாய அளவை நெருங்கியது.

அப்படியானால் வீடியோவில் ‘எனக்குச் சரியாயிடுச்சு’ என்பவர்கள்? பொய்யே சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கிளினிக்குக்குப் போகும் முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவராக இருக்கலாம். இன்னொன்று, இறந்தவர்கள் வீடியோ போடுவதில்லை.

கூட்டிச்செல்லும் ஏஜென்ட் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாத நிலையிலேயே வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று சிகிச்சைக்குப் போன 281 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இறக்கும் அபாயம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கு மேல். பணத்தை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். அந்த மாதங்களில் பரவிவிட்ட கட்டியை என்ன செய்வது?

‘அப்போ மூலிகையே வேஸ்ட்டா’ என்று கேட்டால், பதில் ராமநாதபுரம் மண்ணிலேயே வளர்கிறது. இந்த மாவட்டத்தில் பயிரிடப்படும் நித்தியகல்யாணி, சிலருக்குச் சுடுகாட்டு மல்லி, அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் கீமோ மருந்து! சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாக இருந்த செடியை 1950களில் கனடாவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் குறைந்தன. ஆராய்ச்சி புற்றுநோய் பக்கம் திரும்பியது. அதற்காக இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு கிராம் மருந்து எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அளவு பிசகினால் விஷம். இதுவும் செடி, ஆப்ரிகாட் கொட்டையும் செடியில் வந்ததுதான். இது சோதனையில் தேறியது, அது தேறவில்லை.

கீமோவைப் பற்றிய பயம் நியாயமானது. முடி கொட்டும், வாந்தி வரும். அதை டாக்டரிடமே கேளுங்கள். வாந்தியைக் கட்டுப்படுத்த இப்போது நல்ல மருந்துகள் உண்டு. வீட்டில் சித்த மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மெக்சிகோவுக்கு முன்னால் மதுரை இருக்கிறது. பாலரங்காபுரம் அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. சென்னையில் 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மையம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முதல் டாக்டர் சொன்னதில் சந்தேகம் இருந்தால் தாராளமாகச் செகண்ட் ஒபினியன் கேளுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்சி செய்த லேபில் ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.