நிதி அல்ல, துணை: அறிவியல் இயக்கங்களைத் தாங்கும் கூட்டமைப்பு

புது தில்லி: தில்லியிலிருந்து விமானத்தில் புணே செல்வோர் இறங்குமிடம் லோஹேகாவ். விமானப் படைத் தளத்தின் ஓடுபாதையையே அங்கு பயணிகள் விமானங்களும் பயன்படுத்துகின்றன. மராத்தியர்களுக்கோ அந்த ஊர் வேறொரு காரணத்தால் நெருக்கமானது. 17-ஆம் நூற்றாண்டின் பக்திக் கவி துகாராமின் தாய் பிறந்த ஊர் அது. புணே விமான நிலையத்துக்குத் துகாராமின் பெயரைச் சூட்ட மகாராஷ்டிர அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்ததும் அதனால்தான்.

போலிச் சாமியார்களைச் சாடிய துகாராம் முதலிய அருளாளர்களின் மரபில் வந்ததாகவே தமது இயக்கத்தைக் கருதியவர் டாக்டர் நரேந்திர தபோல்கர். 1989-இல் மகாராஷ்டிர அந்தஷ்ரத்தா நிர்மூலன் சமிதி என்ற மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பை நிறுவிய அவர், 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடைப்பயிற்சியின்போது, புணே நகரின் மையத்தில், ஓங்காரேஷ்வர் கோயில் அருகே உள்ள பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு மாநிலத்தில், ஒரு மொழியில் இயங்கிய அமைப்புக்கு நேர்ந்த இழப்பு அது. அது நாடு முழுவதுக்குமான இழப்பாக நினைவுகூரப்படுவதில் அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகஸ்ட் 20-ஐ தேசிய அறிவியல் மனப்பான்மை தினமாகக் கடைப்பிடிக்க அது விடுத்த அழைப்பை ஏற்று, 2018 முதல் பல மாநிலங்களில் அந்த நாளில் கருத்தரங்குகளும் பேரணிகளும் நடைபெற்று வருகின்றன.

ஏறத்தாழ 40 அமைப்புகள் இக்கூட்டமைப்பில் உள்ளன. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் (1962), தில்லி அறிவியல் மன்றம் (1978), தமிழ்நாடு அறிவியல் இயக்கம் (1980) ஆகியவை அவற்றுள் மூத்தவை. தலைமையகம் ஆணையிட, கிளைகள் நிறைவேற்றும் கட்டமைப்பு இங்கு இல்லை. ஒவ்வோர் அமைப்பும் தனக்கென விதிகளும் பொறுப்பாளர்களும் கொண்டது, பிறந்ததும் தனித்தனியே. சேர்ந்தது பிற்பாடுதான்.

சேர வைத்தது போபால். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது, தொழில்நுட்ப விவரங்களைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஆளில்லை. 1987 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஐந்து திசைகளிலிருந்து பாரத் ஜன் விஞ்ஞான் ஜாதா என்ற கலைப்பயணம் புறப்பட்டு, சர். சி.வி. ராமன் பிறந்த தினமான நவம்பர் 7 அன்று போபாலில் நிறைவுற்றது. அந்தப் பயணத்தில் உருவான உறவுகளே மறு ஆண்டு கேரளத்தின் கண்ணூரில் கூட்டமைப்பாக வடிவெடுத்தன.

உறுப்பு அமைப்புகளுக்குக் கூட்டமைப்பு தருவது என்ன? பணம் அல்ல, மானியம் வழங்கும் வசதி அதனிடம் இல்லை. ஒரு மாநிலத்தில் எழுதப்பட்ட வீதி நாடகம் மற்றொரு மாநிலத்தின் மொழியில் அரங்கேறுகிறது. மருந்து விலை, காப்புரிமை, கல்விக் கொள்கை போன்றவற்றில் ஒரு மாவட்டக் கிளையால் தனித்துத் திரட்ட முடியாத ஆய்வுக் குறிப்புகள் பிற மாநில வல்லுநர்களிடமிருந்து கிடைக்கின்றன. குழந்தைகள் அறிவியல் திருவிழாக்களில் வெளியூர்ச் சிறுவர்கள் விடுதிகளில் அல்லாமல் உள்ளூர்ச் சிறுவர்களின் வீடுகளிலேயே தங்கும் வழக்கமும் இப்படிப் பரவியதுதான். செலவு குறைவு என்பது ஒருபுறமிருக்க, சாதி வேறுபாடு பாராமல் ஒரே வீட்டில் உண்டு உறங்கும் பழக்கம் அதில் கிடைக்கிறது.

அரசுப் பணத்தோடு உறவு வைத்துப் பார்த்த அனுபவமும் இவ்வியக்கத்துக்கு உண்டு. எழுத்தறிவுப் பணிக்காக 1989-இல் பாரத் ஞான் விஞ்ஞான் சமிதி தொடங்கப்பட்டது. எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. தொண்டர்களின் உழைப்பும் அரசின் நிதியும் இணைந்ததால் நேர்ந்த வெற்றி அது. ஆனால், நிதி வற்றியதும் பல மாவட்டங்களில் அறிவொளி மையங்கள் களையிழந்தன. கற்றோர் பலர் பழைய நிலைக்கே திரும்பினர்.

மறுபக்கம், 1914 முதல் மாநாடு நடத்திவந்த இந்திய அறிவியல் காங்கிரஸ் சங்கத்தின் நிலையைப் பார்க்கலாம். நிதி முறைகேடு எனக் கூறி மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 செப்டம்பரில் ஆதரவை விலக்கிக்கொண்டது. சங்கம் அதை மறுத்து நீதிமன்றம் சென்றது. 2024 ஜனவரியில் நடைபெற வேண்டிய 109-ஆவது மாநாடு நடைபெறவில்லை. ஒரே கருவூலத்தை நம்பியிருந்த சங்கத்தின் நூற்றாண்டுப் பெருமை அப்போது கைகொடுக்கவில்லை. புத்தகம் விற்ற காசில் மாநாடு நடத்தும் கேரள பரிஷத்துக்கு அந்தக் கவலை குறைவு.

ஆனால், கூட்டமைப்பின் துணைக்கும் எல்லை உண்டு. அதைக் காட்டியதும் புணேதான். மூடநம்பிக்கைச் சுரண்டலுக்கு எதிரான சட்டத்துக்காகத் தபோல்கர் ஏறத்தாழ 18 ஆண்டுகள் போராடினார். தங்கள் பண்டரிபுர யாத்திரையே தடை செய்யப்படும் என அஞ்சி எதிர்த்தவர்களில், துகாராமைப் போற்றும் வார்கரி அமைப்புகள் சிலவும் அடங்கும். அவர் கொல்லப்பட்ட சில நாள்களில் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் சட்டமாயிற்று. உயிரோடு இருந்தவரின் கோரிக்கைக்கு அசையாத அரசு அவரது சடலத்தின் முன் அசைந்தது. கர்நாடகம் 2017-இலும், குஜராத் 2024-இலும் இதே போன்ற சட்டங்களை நிறைவேற்றின.

2015-இல் கோலாப்பூரில் கோவிந்த் பன்சாரே, தார்வாடில் எம்.எம். கல்புர்கி, 2017-இல் பெங்களூரில் கெளரி லங்கேஷ் எனக் கொலைகள் தொடர்ந்தன. கண்டன அறிக்கைகளாலும் ஊர்வலங்களாலும் அவற்றைத் தடுக்க முடியவில்லை. தபோல்கர் வழக்கில் 2024 மே 10 அன்று புணே சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்து, மூவரை விடுவித்தது. கொலையின் பின்னணியில் இருந்த மூளை யாருடையது என்பதை விசாரணை அமைப்புகள் வெளிக்கொணரவில்லை என்று நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

தலைவரை இழந்த பிறகும் மகாராஷ்டிரச் சமிதியின் மாவட்டக் கிளைகள் கலைந்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20 காலையில் அதன் தொண்டர்கள் ஓங்காரேஷ்வர் பாலத்தில் கூடுகின்றனர். அவர் நடந்த வழியில் நடக்கின்றனர். அதே நாளில் தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்களிலும், தபோல்கரை நேரில் கண்டிராத ஆசிரியர்களும் மாணவர்களும் அவர் பெயரைச் சொல்லிக் கூட்டம் நடத்துகின்றனர்.