பிள்ளை ஏன் பலகையைக் கவிழ்த்தது?

ரொறொன்ரோப் பனிக்காலத்தில் உறவினர் கூடினால் பெரியவர்கள் மேல்மாடியிலும் பிள்ளைகள் பேஸ்மென்ட்டிலும் பிரிந்துவிடுவார்கள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு திரை இருக்கும். அதைப் பார்த்துப் பொறுக்காத ஒரு மாமி, “எல்லாரும் சேர்ந்து ஏதும் விளையாடுங்கோவன்” என்பார். அலுமாரி மேலிருந்து லூடோ இறங்கும். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை பலகையைக் கவிழ்த்துவிட்டு அழும். “தோல்வியைத் தாங்கப் பழக்கவேணும்” என்று மேல்மாடி தீர்ப்புச் சொல்லும்.

தேத்தண்ணி ஆறுவதற்குள், அந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று நாம் பார்த்துவிடலாம்.

லூடோவில் முதல் காய் வெளியே வர ஆறு விழவேண்டும். ஒருமுறை உருட்டினால் ஆறு விழ வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். ஆறுமுறை உருட்டினால் நிச்சயம் விழும் என்று மனம் கணக்குப் போடும், அது அப்படியில்லை. ஆறுமுறை உருட்டிய பிறகும் மூன்றில் ஒருவருக்கு ஆறு விழுந்திருக்காது. நான்கு பிள்ளைகள் இருந்த மேசையில், ஆறு சுற்று முடிந்தும் ஒரு பிள்ளையாவது வாசலைத் தாண்டாமல் இருப்பது சாதாரணம். ஊரில் தாயம் விழாமல் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

எல்லாரும் தவறாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தைத்தான். தோற்றதால் பிள்ளை அழுகிறது என்கிறோம். ஆனால் அது இன்னும் விளையாடவே தொடங்கவில்லையே! மற்றவர்கள் ஓடுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. பெரியவர்கள் இதற்குச் செய்யும் வைத்தியம், பிள்ளையை வேண்டுமென்றே வெல்லவிடுவது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை அந்த நடிப்பில் எளிதில் ஏமாறாது. அதோடு, கடைசியில் வெல்லப்போகிற பிள்ளைக்கும் நடுவில் காத்திருக்கும் நேரம் குறையப்போவதில்லை.

ஆகவே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது இலகுவானதா, கடினமானதா என்பதை விட்டு வேறொன்றை முதலில் கேட்போம்: ஒரு பிள்ளையின் முறை முடிந்து அடுத்த முறை வர எவ்வளவு நேரம் ஆகும்? ஆறு பேர் இருந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்தால், பிள்ளை பத்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். நான்கு பேர், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் அது ஒன்றரை நிமிடம். அவ்வளவு நேரம் எட்டு வயதுப் பிள்ளை பொறுக்கும். பத்து நிமிடம் நானே பொறுக்கமாட்டேன். மொனொப்பொலி இன்னும் மோசம். காசு தீர்ந்தவர் ஆட்டத்தை விட்டே வெளியே போகவேண்டும், ஆட்டமோ முடியாது. பந்தியில் இலையை எடுத்த பிறகும் ஒருவரை எழவிடாமல் இருத்தி வைப்பதைப் போன்றது அது.

கரம் நம் வீடுகளின் செல்லம். ஆனாலும் அதையும் இந்தக் கேள்வி விடாது. காய் விழுத்தியவர் தொடர்ந்து அடிக்கலாம் என்பதுதான் அதன் விதி. கை தேர்ந்த ஒரு சித்தப்பா இருந்தால் அவர் வரிசையாக விழுத்திக்கொண்டே போவார், பிள்ளைகள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

இந்த மாகாணத்திலேயே கரத்துக்கு ஒரு உறவு இருக்கிறது: குரோக்கினோல். வட்டப் பலகை, நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி எட்டுச் சிறு முளைகள். விரலால் வட்டைச் சுண்டவேண்டும். அறியப்பட்ட மிகப் பழைய பலகை 1876இல் ஒன்ராறியோவின் பேர்த் கவுண்டியில், எக்கார்ட் வெட்லாஃபர் என்பவர் தன் மகனின் ஐந்தாம் பிறந்தநாளுக்குச் செய்தது. 1999 முதல் அப்பகுதியின் டாவிஸ்டொக் ஊரில் உலகப் போட்டியே நடக்கிறது. நமக்கு முக்கியமானது வேறு: இதில் ஒரு முறைக்கு ஒரே சுண்டல். நடுக்குழியில் விழுந்து 20 புள்ளி கிடைத்தாலும் அடுத்தவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். நாலு பேர் இருவர் இருவராகச் சேர்ந்தால் ஆளுக்கு ஆறு வட்டுகள். சில விநாடிக்கு ஒருமுறை கை மாறும். கரம் அடித்த அப்பப்பாவுக்கு விளக்கமே தேவையில்லை, விரல் தானாக வளையும்.

காத்திருப்பைக் குறைக்க இன்னொரு வழி, எல்லாரையும் ஒரே பக்கத்தில் இருத்துவது. இதையும் ஒன்ராறியோக்காரர் ஒருவர் வாழ்நாள் வேலையாகச் செய்தார். பேர்த் என்ற ஊருக்கருகே ஜிம் டீக்கோவ் 1972இல் தொடங்கிய ‘ஃபேமிலி பாஸ்டைம்ஸ்’ கூட்டுறவு விளையாட்டுகளை மட்டுமே செய்தது. (குரோக்கினோலின் பேர்த் வேறு, இந்தப் பேர்த் வேறு. கனடாவில் பெயருக்குப் பஞ்சம்.) அவருடைய ‘மாக்ஸ்’ விளையாட்டில் ஒரு பூனை, ஒரு குருவியையும் ஒரு எலியையும் ஒரு கோட்டு அணிலையும் துரத்துகிறது. அவற்றை வீடு சேர்ப்பது எல்லாருடைய பொறுப்பு. யார் உருட்டினாலும், எந்தப் பிராணியை நகர்த்துவது, பூனைக்குத் தீனி காட்டித் திருப்பி அழைப்பதா என்று எல்லாரும் சேர்ந்து யோசிக்கவேண்டும். அடுத்தவர் முறையிலும் பிள்ளைக்கு வேலை உண்டு.

இந்த வகையில் ஒரு ஆபத்து, கட்டளையிடும் பெரியவர். “அதை விடு, இதை நகர்த்து” என்று அவர் ஒருவரே எல்லாருக்குமாக விளையாடிவிடுவார். நம் வீடுகளில் அவரைத் தேடவேண்டியதில்லை. தாயக்கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்டால் மட்டுமே மற்றவர்கள் வாய் திறக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

விதிகளை விளக்குவதும் காத்திருப்புத்தான் என்பது பலருக்குத் தோன்றாது. 2010இல் ரொறொன்ரோவின் புளூர் தெருவில் ‘ஸ்நேக்ஸ் அண்ட் லாட்டேஸ்’ என்ற விளையாட்டுக் கஃபே திறந்தார்கள். தலைக்கு ஒரு கட்டணம் கொடுத்துவிட்டு எதை வேண்டுமானாலும் எடுத்து விளையாடலாம். அங்கே ஊழியரின் வேலையே மேசைக்கு வந்து பொருத்தமான விளையாட்டைச் சொல்லி, கற்றுக்கொடுப்பதுதான். வீட்டில் அந்த வேலை உங்களுடையது. தாளை வாசித்துக் காட்டாதீர்கள். முந்திய இரவே படித்து, ஒருமுறை விளையாடிப் பார்த்துவிடுங்கள். எப்படி வெல்வது என்பதை முதலில் சொல்லிவிட்டு, கணக்கில் சேராத ஒரு சுற்றை எல்லார் கையிலும் காயைக் கொடுத்தே ஆடவிடுங்கள். மிச்ச விதிகள் ஆட்டத்தில் வரும்போது வரட்டும்.

உறவினர் கூடும் நாளில் நாலு பேருக்கு ஒரு மேசை, ஒவ்வொரு மேசைக்கும் விதி தெரிந்த ஒரு அக்காவோ அண்ணாவோ போதும். வடையும் ரோல்ஸும் இடைவேளையில் மட்டும், எண்ணெய்க் கை பட்ட அட்டை பிறகு உதவாது. வீட்டில் இடம் போதாதென்றால் ரொறொன்ரோ பொது நூலகத்தின் 100 கிளைகளில் பலவற்றில் கூட்ட அறைகள் வாடகைக்கு உண்டு. பெப்ரவரி மூன்றாம் திங்கள் குடும்ப தினம், அன்று நூலகமும் பூட்டு. அதற்கு முந்திய சனிக்கிழமையைக் கேட்டு இப்போதே பதிந்துவிடுங்கள்.